ரப்பர் பாலில் முக்கிய பிளக்குகள்

மலாயா எஸ்டேட்டை விட்டு ஓடுவதற்கு முந்தின நாள், "வேன் ஜப்பான்காரன் கைக்குப் போகக் கூடாது" என்று வெள்ளைக்கார துரை டிரைவர் ராயப்பனிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கப்பலேறுகிறவருக்கு என்ன. ராயப்பன் அந்தப் பெரிய எஞ்சினின் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றினான். துருப்பிடித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் ரப்பர் பாலில் முக்கி, உறைய ஆசிட் ஊற்றி, உருண்டையாக்கிக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்தான். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும். எஞ்சினையே துரை நாசமாக்கிவிட்டுப் போனார் என்று ஜப்பான்காரர்களிடம் சாதித்தான். இரண்டு அறை கொடுத்து நம்பிவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து அந்த உருண்டைகளை அவனே தோண்ட வேண்டிவந்தது. அவன் மனைவி அகதாவுக்கு வலி கண்டு இரண்டு நாளாயிற்று. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி, ஒளித்து வைத்திருந்த பெட்ரோலைக் கொண்டுவந்தார். டயருக்குக் காற்றும் அவரே அடித்தார்.

"சத்தம் கேட்டா பங்களாவுல இருக்கிற ஜப்பான்காரனுங்க வந்துருவானுங்க லா."

"அதுக்குள்ள மேட்டத் தாண்டிட்டா போதும்ணே. அப்புறம் இறக்கந்தான்."

ராயப்பன் ரப்பரைக் கத்தியால் உரித்தான். நான்கு பிளக்குகள் சுமாராக இருந்தன. மற்ற இரண்டின் முனையை ஆசிட் தின்றிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. துருவுக்குப் பயந்தவன் ஆசிட்டை நினைக்கவில்லை. தன் கையாலேயே கெடுத்தோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

"கழட்டத் தெரிஞ்சதோட சரிண்ணே. மாட்டுறதுன்னா சிரம்பான் பட்டறைக்காரன்தான் வருவான்."

"இப்ப எவன் வருவான்? நீயே மாட்டு."

நல்ல நான்கையும் மணல் போட்டுத் தேய்த்தான். முனையின் இடைவெளியை வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை மடித்து நுழைத்துச் சரி பார்த்தான். அரிசி வாங்க உதவாத நோட்டு அதற்காவது உதவியது. கெட்ட இரண்டையும் துவாரம் அடைக்க மாட்டினான். பேட்டரி தேவையில்லாத பழைய எஞ்சின். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இருமி, பத்தாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அகதாவைப் பாயோடு தூக்கிப் பின்னால் கிடத்தி, மாயாண்டி கூடவே ஏறிக்கொண்டார்.

நான்கு சிலிண்டரில் வேன் நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறியது. உச்சிக்கு இருபது கஜம் இருக்கும்போது எஞ்சினின் மூச்சு நின்றது. ராயப்பன் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான். சிப்பாய்கள் ஓடிக்கூட வரவில்லை, நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

அவர்களோடு வந்த ஜப்பான் அதிகாரி அவனை அறைந்தான். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்து, "பாகுஸ்" என்று மலாயில் மெச்சிச் சிரித்தான். தங்கள் லாரிக்கு வைத்திருந்த பிளக்குகளில் இரண்டை எடுத்து வரச் செய்தான். சிப்பாய்கள் அகதாவைப் பாயோடு இறக்கி ரப்பர் மரத்தடியில் போட்டார்கள். மாயாண்டி பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறினார். துப்பாக்கிமுனை முதுகில் இடிக்க, ராயப்பனே அந்த இரண்டு பிளக்கையும் மாட்டினான். ஆறு சிலிண்டரும் ஒரு குறையில்லாமல் ஓடின.

வேன் கீழே, காலையில் ஆட்களைக் கூட்டிப் பேரெடுக்கும் பெரட்டுக்களத்துக்குத் திரும்பியது. சயாமில் ரயில் போடப் பிடித்து வைத்திருந்த ஆட்களை நெருக்கி ஏற்றினார்கள். சிரம்பான் ஸ்டேஷனுக்கு ஓட்ட வேண்டும் என்று அதிகாரி சொன்னதும் ராயப்பன் அவன் காலில் விழுந்தான். போகிற ஊர் அதேதான், பெண்டாட்டியையும் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று தெரிந்த மலாயில் கெஞ்சினான். இடமில்லை என்றான் அதிகாரி.

ராயப்பன் ஓட்ட, வேன் எந்தச் சிரமமும் இல்லாமல் மேட்டில் ஏறியது. சத்தம் கேட்டு மரத்தடியில் அகதா தலையைத் தூக்கினாள். வேனில் ஏறுவதற்காக எழுந்து உட்கார மாயாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.