ஜெபசீலனின் பட்டை விசாரணை

வேலூரில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருடம் எழுத்துப் பிழை திருத்திய ஜெபசீலன், 1931-இல் வேலையை விட்டுவிட்டு மனைவி இன்பத்தின் ஊரான ஆம்பூருக்கு வந்தார். ஊரில் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் பட்டறைகளுக்கு ஆவாரம்பட்டை விற்பதாக உத்தேசம். தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். முதல் போட ஒப்புக்கொண்ட இன்பத்தின் அண்ணன் தேவசகாயம், அரக்கோணத்தில் ரயில்வே சரக்கு குமாஸ்தா. திட்டத்தை எழுத்தில் கேட்டிருந்தார்.

ஜெபசீலன் ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினார். ஆவாரஞ்செடியின் பூ, காய், அது விரும்பும் மண் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பிழை இல்லை.

பதில் கார்டில் வந்தது. "மாப்பிள்ளை, எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. எந்த ஷாப்புக்குள்ளாவது போய்ப் பார்த்தீர்களா?"

மறுநாளே ஜெபசீலன் கோட்டு மாட்டி, தலைப்பாகை கட்டி, நாற்பது கேள்விகள் எழுதிய நோட்டுடன் அமீர் பாஷாவின் ஷாப்புக்குப் போனார். மேஸ்திரி பச்சையப்பன் அவரை மேலும் கீழும் பார்த்தார். முனிசிபாலிட்டியிலிருந்து வந்த சுகாதார அதிகாரி என்று முடிவு செய்துகொண்டார்.

"தண்ணீர் எங்கே விடுகிறீர்கள்?"

"தண்ணியே ரொம்ப கம்மிங்க சார்."

"துர்நாற்றம் உண்டா?"

"இன்னா நாத்தம்? அதெல்லாம் இல்லீங்க."

"பட்டை எவ்வளவு ஆகும்?"

"எல்லாம் அளவாத்தாங்க."

எல்லாவற்றையும் ஜெபசீலன் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

வீட்டில் இன்பம் நோட்டைப் புரட்டினாள். "நாத்தம் இல்லன்னு எழுதிக்கிறீங்க. அந்தக் கோட்ட மொதல்ல வெளிய கழட்டிப் போடுங்க. உங்கள அதிகாரின்னு நெனச்சிட்டாங்க. விக்க வந்தவன்னா உண்மைய பேசுவாங்க."

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் திங்கட்கிழமை வேட்டியோடு, ஒரு கட்டு ஆவாரம்பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்த முறை அமீர் பாஷாவே வந்து பட்டையை ஒடித்துப் பார்த்தார்.

"சரக்கு நல்லாத்தான் கீது. ஆனா இப்போ ஆப்பிரிக்காலேர்ந்து கப்பல்ல வாட்டில்னு ஒரு மரத்துப் பட்டை வருது. கம்மியா போட்டா போதும், சீக்கிரம் வேல முடியுது. இத்த யாரு ஜாஸ்தி வாங்குவாங்க?"

ஒன்பது பக்கமும் அந்த இடத்திலேயே செத்தன. ஜெபசீலன் கட்டைக் கீழே இறக்கி வைத்தார். நோட்டில் இல்லாத கேள்வி ஒன்று அவர் வாயிலிருந்து வந்தது.

"உங்களுக்கு எது சரியா கெடைக்கல பாய்?"

"கடுக்காய். திருப்பத்தூர்லேர்ந்து வர மூட்டைல பாதி சொத்த, மீதி கல்லு. பொறுக்கறதே பெரிய பேஜார்."

பச்சையப்பனும் சேர்ந்துகொண்டார். பட்டையில் ஊறிய தோலின் நிறம் சீராகக் கடுக்காய் எப்போது போடுவது, எந்த மாதம் தட்டுப்பாடு என்று அரை மணி நேரம் பேசினார். நாற்றத்தைப் பற்றியும் தாராளமாகச் சொன்னார்.

கடுக்காயைக் கல், சொத்தை இல்லாமல் பொறுக்கி விற்கும் புதுத் திட்டம் ஒன்றரைப் பக்கம்தான். தேவசகாயம் உடனே சம்மதித்தார். கூடவே ஒரு வரி: "வாட்டில் பட்டை ஏற்றிய வண்டி இரண்டு வருடமாக என் கண்ணெதிரேதான் போகிறது. நீங்களே பார்த்தால்தான் நம்புவீர்கள் என்று இருந்தேன்."

அதைப் படித்து இன்பம் சிரித்தாள். ஜெபசீலன் அன்று மைத்துனரோடு மனத்துக்குள் பேச்சை நிறுத்திவிட்டு, மறுநாள் திருப்பத்தூர் சந்தைக்குப் புறப்பட்டார்.

முதல் ஆறு மூட்டையையும் புருஷனும் பெண்சாதியுமாகப் பொறுக்கி அனுப்பினார்கள். அமீர் பாஷா ஒன்றைத் தரையில் கவிழ்க்கச் சொல்லி, குந்தி உட்கார்ந்து துழாவினார். கல் அகப்படவில்லை. பச்சையப்பனும் தேடிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் இருவது மூட்ட போடுங்க," என்றார் அமீர் பாஷா.