எழுத்து வாசல்

நான் வடிவமைத்த இணையதளத்துக்குள் ஒரு பெண்மணி சிக்கிக்கொண்டிருக்கிறார் என்று ரெங்கராஜ் சொன்னார். கேக்கை மென்றுகொண்டே சொன்னார். அவர் எங்கள் குழுவின் தலைவர்.

"தமயந்தி, நீயே போய் வெளிய கூட்டிட்டு வந்துடு."

"எங்க இருக்காங்க?"

"பதிவிறக்குற இடத்தத் தேடி உள்ளயே சுத்துறாங்க. தட்டிக்கிட்டே இருக்காங்க. இங்க வரைக்கும் கேக்குது பாரு."

கேட்டது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. ஏ.சி.யின் சத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கேக் அந்த இணையதளத்துக்காகத்தான். எழுத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை அதில் இலவசமாகத் தருகிறோம். எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கருவி உண்டு. அது நூற்றுக்கு நூறு கொடுத்திருந்தது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக, அது என்ன படம் என்று அதில் எழுத வேண்டும். பெட்டி நிரம்பியிருக்கிறதா என்று கருவி பார்க்கும். எதனால் நிரம்பியிருக்கிறது என்று பார்க்காது. நான் எல்லாப் பெட்டியிலும் "படம்" என்று எழுதினேன். எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

விரலில் கேக்கின் பச்சைக் க்ரீம் ஒட்டியிருந்தது. துடைத்தேன். போகவில்லை.

எழுத்து வாசல் எங்கள் அலுவலகக் கட்டடத்துக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. படங்கள் இல்லாமல் எழுத்தை மட்டும் பெற்றுக்கொள்கிறவர்கள் அதன் வழியாகத்தான் தளத்துக்குள் வருகிறார்கள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

காவலாளி என்னை நிறுத்தினார்.

"படம் எதுனா வச்சினுகிறியாம்மா?"

இல்லை என்றேன். அவர் என் சுடிதாரிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பறித்து வாளியில் போட்டார். அடையாள அட்டையிலிருந்த புகைப்படத்தை எடுத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைக் கேட்டார்.

"அதுவுமா?"

"அதுவும் படம்தாம்மா. அதுக்கு என்னா எழுதி வச்சிருக்க?"

நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவர் என் முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சீட்டை ஒட்டினார். தடவிப் பார்த்தேன். பார்வையற்றவர்கள் தொட்டு வாசிக்கும் புள்ளி எழுத்துக்கள். என்னவென்று கேட்டேன்.

"படம்," என்றார்.

உள்ளே நான் படமாகப் போட்ட நாற்காலிகள் இல்லை. அவை இருந்த இடங்களில் "படம்" என்று இருந்தது. ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். விழுந்துவிட்டேன். முகப்பில் சிரிக்கும் குடும்பம் ஒன்றை வைத்திருந்தேன். அங்கே "பேனர் புதுசு கடைசி உண்மையிலேயே கடைசி" என்று இருந்தது. அது நான் கோப்புக்கு வைத்த பெயர். அவசரத்தில் அதையே பெட்டியில் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்மணி நடுவழியில் நின்றிருந்தார். தோள்பை. கையில் ஒரு சிறிய பலகை. வருகிற எழுத்தெல்லாம் அதன்மேல் புள்ளிகளாக எழும்பி எழும்பி அடங்கின.

"யாரு? ஆளா, படமா?"

"ஆள்தான். தமயந்தி."

"நல்லதாப் போச்சு. நான் சுகிர்தா, பாளையங்கோட்டை. பார்வை கிடையாது, விரலாலதான் வாசிப்பேன். இப்பம் சர்க்கரை வந்து விரலு மரத்துக்கிட்டு வருது. இந்த ஆள்காட்டி விரலு ஒண்ணுதான் மிச்சம். இதும் அடங்குறதுக்குள்ள அந்த வாசிக்கிற மென்பொருள எடுத்துட்டுப் போயிரணும். வாசிக்காம என்னால இருக்க முடியாது, பாத்துக்கிடுங்க."

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நடந்தோம்.

இரண்டு பக்கமும் கதவுகள். எல்லாக் கதவிலும் "இங்கே" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் படம் இருந்தபோது அது எனக்குப் போதுமானதாகத் தெரிந்தது.

"இங்கேன்னா எங்கன?" என்றார் சுகிர்தா.

ஒன்றைத் திறந்தோம். முகப்பு, எங்களைப் பற்றி, சேவைகள், விருதுகள், தொடர்புக்கு என்று ஒரு நீண்ட நடைபாதை வந்தது. அதைக் கடந்தால் மறுபடியும் கதவுகள். இன்னொன்றைத் திறந்தோம். அதே நடைபாதை வந்தது. விருதுகள் என்ற பகுதி முன்பைவிட நீண்டிருந்தது.

"மறுபடியும் முகப்பா? இவங்க முகத்த எத்தன தடவதான் பாக்கது," என்றார் அவர். பிறகு கேட்டார். "உங்களுக்கு இங்கதான் வேலையா?"

"இல்ல. நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

சொன்னதும் என் விரலிலிருந்த க்ரீம் மணிக்கட்டு வரை ஏறியது.

"இதச் செஞ்சவன் வெளங்குவானா?"

"செஞ்சது ஆம்பளதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பொம்பளன்னா டப்பா மேல பேரு எழுதி வச்சிருப்பால்லா. உப்பு, சீனின்னு. எல்லா டப்பாலயும் டப்பான்னு எழுதி வச்சா எந்த வீட்டுல சமைக்க முடியும்?"

நான் சிரித்தேன். முகம் இல்லாததால் சிரிப்பு எங்கேயும் தங்கவில்லை.

கதவுகள் தீர்ந்தபோது ஒரு சுவர் வந்தது. எனக்குத் தெரிந்த சுவர். பச்சைப் பொத்தானை நான் வைத்த இடம். வட்டமாக, மெல்லிய நிழலுடன் இருந்தது. நிழல் சரியாக விழ வேண்டும் என்பதற்காக ஒரு வாரம் உழைத்தேன்.

சுகிர்தா பலகையில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"யம்மா, விரலு போயிட்டு. என்ன எழுதியிருக்குன்னு நீங்க வாசிங்க."

எழுதியிருந்ததை வாசித்தேன். "படம்."

"என்ன படம்?"

இங்கே வேலை இல்லை என்று சொன்னதுபோல, இதற்கும் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் மறுபடியும் முகப்புக்குப் போவோம். அவர் என் கையை விடாமல் கூடவே வருவார். அந்தக் கை சில்லென்று இருந்தது. யாருடைய கையைப் பிடித்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியவில்லை.

"பச்சைப் பொத்தான்," என்றேன். "அழுத்தினா மென்பொருள் இறங்கும்."

"அப்படி எழுதியிருக்கா?"

"இல்ல."

"பின்ன எப்படித் தெரியும்?"

க்ரீம் தோள்வரை வந்திருந்தது.

"ஓ," என்றார் சுகிர்தா. "டப்பாக்காரி நீங்கதானா."

அவர் உள்ளங்கையால் சுவரை அழுத்தினார். சுவரிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்து அவர் தோள்பையில் உட்கார்ந்தது. உடனே வாசிக்கத் தொடங்கியது. "இங்கே. இங்கே. இங்கே. பேனர் புதுசு கடைசி உண்மையிலேயே கடைசி." என் பக்கம் திரும்பியது. "படம்."

"நல்லா வாசிக்குது," என்றார்.

"மன்னிச்சிடுங்க."

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? அத அந்தப் பெட்டிக்குள்ள எழுதுங்க. பின்னால ஆளு வருதாங்க."

குரல் வழி சொல்ல, அவர் போய்விட்டார். கூட்டிக்கொண்டு போக நான் தேவைப்படவில்லை.

ரெங்கராஜுக்குப் போன் செய்தேன்.

"நூறு வந்ததும் பூட்டினீங்களே, அந்தப் பெட்டியத் திறந்து விடுங்க. பொத்தானுக்குப் பேர் எழுதணும்."

"எழுதினா மறுபடியும் சோதனை போடணும்மா. இப்ப நூறு இருக்கு."

"இருக்கட்டும். போடலாம்."

"கேக் வெட்டியாச்சே," என்றார். போனை வைத்துவிட்டார்.

தூரத்தில் முழங்கைகளைப் பிடித்தபடி ஒரு வரிசை நடந்து வந்துகொண்டிருந்தது. நான் சுவரில் பொத்தான் இருந்த இடத்தில் முதுகை ஒட்டி நின்றேன். முழுவதும் பச்சையாகியிருந்தேன். அது இங்கே யாருக்கும் தெரியாது.

முதல் ஆள் வந்தார். "இது என்னது?"

"பதிவிறக்கும் பொத்தான். அழுத்துங்க."

அவர் என் தோளில் அழுத்தினார். குரல் இறங்கியது. அடுத்தவரும் கேட்டார், சொன்னேன். வேலை கடினமாக இல்லை. பெட்டியில் எழுதியிருந்தால் இதைவிடக் குறைந்த நேரமே ஆகியிருக்கும்.

ஆனால் சிலருக்குக் காதும் கேட்பதில்லை. அவர்கள் விரலால் என் முகம் இருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே ஒட்டியிருக்கும் சீட்டைப் பொறுமையாக, எழுத்தெழுத்தாக வாசிக்கிறார்கள். பிறகு தலையசைத்துவிட்டு, நன்றி சொல்வதுபோல அந்தச் சீட்டைத் தட்டிவிட்டு, முகப்பை நோக்கித் திரும்பி நடக்கிறார்கள்.

நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.