நாலு மணி முதல் ஏழு மணி வரை

அந்த வக்கீல் அலுவலகத்தில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் 'கமா சார்' என்றுதான் சொல்வார்கள். தட்டச்சாகி வந்த மனுவைக் கையில் வாங்கியதும் அவர் கண் முதலில் தேடுவது கமாவைத்தான். ஒன்று இடம் மாறியிருந்தாலும் முழுப் பக்கத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்திரண்டு வருட அனுபவம். சட்டத்தை எழுத்தில் வடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது என்றால் வேப்பங்காயாகக் கசக்கும். 'தேவையான காகிதங்களைக் கொடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்' என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

முன்கூடத்து மேசையில் தொலைபேசியும் வருகைப் பதிவும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ரேடியோ. முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. மணியடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். எடுத்தால் வைக்க மாட்டாள். யாருக்கு மூட்டுவலி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டுக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். கமா சாரின் அறைக் கதவு சரியாக மூடாது. அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் பேனாவை மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை அவருக்குப் பொறுமை போய்விட்டது. அலுவலகத்தின் தலைவியான பெரிய மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முன்மேசையில் இருப்பவர் கட்சிக்காரர்களுடன் தேவையற்ற உரையாடலில் நேரத்தைக் கழிக்கிறார், அவரைக் கோப்பறைக்கு மாற்றுவது நல்லது என்று. கோப்பறையில் தொலைபேசி இல்லை, ஜன்னலும் இல்லை. பெரிய மேடம் படித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் கமா சாருக்கு ஒரு வழக்கு இருந்தது. கட்சிக்காரி ஒரு தையல்காரப் பெண். அக்கா இறந்து இரண்டு வருடமாகிறது. அக்கா மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அப்பா அதற்கும் முன்பே காலமாகிவிட்டார். சித்திதான் குழந்தையை வைத்து வளர்க்கிறாள். வேறு ஊரிலிருந்து குழந்தையின் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், 'சித்தி வேலைக்குப் போகிறாள், குழந்தை கவனிப்பாரற்றுக் கிடக்கிறது, என்னிடம் ஒப்படைக்க வேண்டும்' என்று மனுப் போட்டிருந்தார்.

பதில்மனுவைக் கமா சார் பதினாறு பக்கத்தில் இழைத்திருந்தார். ஒரு பிழை கிடையாது. அந்தத் தையல்காரப் பெண் அலுவலகத்துக்கு ஏழு முறை வந்துபோனாள். அதில் இரண்டு முறைதான் அவர் பார்த்தார், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று, வாடகைப் பத்திரம், எல்லாம் வாங்கிக்கொண்டார். மற்ற ஐந்து முறையும் 'சார் கோர்ட்டுக்குப் போயிருக்காரு' என்று கேட்டுக்கொண்டு அவள் முன்கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

விசாரணை தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"பள்ளிக்கூடம் நாலு மணிக்கு முடியுது. இவங்களுக்குத் தையல் கம்பெனியில வேலை ஆறரைக்குத்தான் முடியுது, வீடு வந்து சேர ஏழு ஆகுது. கம்பெனி குடுத்த கடிதம் இதோ இருக்கு. நடுவுல மூணு மணி நேரம் அந்தக் குழந்தை எங்க இருக்கு, யாரோட இருக்கு? பதினாறு பக்கத்துல அதுக்கு ஒரு வரி பதில் இல்லையே!"

அந்தக் கேள்வியைக் கமா சார் கேட்டதே இல்லை. கட்சிக்காரியின் பக்கம் திரும்பினார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சொல்லுங்கம்மா. குழந்தை எங்க இருக்கும்?"

"பத்திரமாத்தான் இருக்குங்க" என்றாள். அதற்கு மேல் எத்தனை கேட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

"மதியம் ரெண்டேகாலுக்கு மறுபடி கூப்பிடறேன். அதுக்குள்ள உங்க வக்கீல்கிட்டயாவது சொல்லுங்க" என்று நீதிபதி எழுந்துகொண்டார்.

வெளி வராந்தாவில் கமா சார் கெஞ்சினார், அதட்டினார். அவள் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு அழுதாளே தவிர, பிடி கொடுக்கவில்லை. வேறு வழி தெரியாமல் அலுவலகத்தைக் கூப்பிட்டார். அவள் கோப்பில் ஏதாவது குறிப்பு இருக்குமோ என்று ஒரு நப்பாசை. இரண்டாவது மணியில் ரேடியோ எடுத்தாள். அவர் விஷயத்தைச் சொன்னார்.

மறுபக்கத்தில் அவள் குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

"சார், குழந்தை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லக்கூடாது."

"என்னம்மா விளையாடறீங்க? நான் அவங்க வக்கீல்!"

"தெரியும் சார். அவங்க என்னை நம்பிச் சொன்னது. அவங்களைக் கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். போனை அவங்க கையில குடுங்க, ரெண்டே நிமிஷம்."

கமா சாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இருந்தாலும் கொடுத்தார். தையல்காரப் பெண் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அக்கா..." என்றதும் அவள் தோள்கள் தளர்ந்தன. நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரி பேசும் ரேடியோ அப்போது என்ன மெதுவாகப் பேசினாளோ, பக்கத்தில் நின்றவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் தையல்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க சரின்னு சொன்னா மட்டும் சொல்லுங்கக்கா. அவங்க வேலைக்கு ஏதாவது வந்துடக்கூடாது" என்றாள்.

கைப்பேசி திரும்பி வந்தது. "சார், நீங்க அங்கயே இருங்க. நான் ஒருத்தரைப் போய்ப் பாத்துட்டு வரேன். அவங்க சம்மதிச்சா கூட்டிட்டு வரேன். ரெண்டேகாலுக்குள்ள."

"அப்ப முன்மேசையை யார் பாத்துக்குவாங்க?"

"அதான் யோசிக்கறேன்..." என்று இழுத்தவள், யாரிடமோ ஏதோ கேட்டாள். பின்னால் பெரிய மேடத்தின் குரல் கேட்டது. "நீ கெளம்பு. நான் உக்காந்துக்கறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் கமா சார் வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். பிறகு என்ன தோன்றியதோ, தையல்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன பேசுவதென்று தெரியவில்லை. "பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று கேட்டார். "கணக்குன்னா உசுருங்க. ஷூவுக்குக் கயிறு கட்டத்தான் இன்னும் தெரியலை" என்று அவள் அந்த நிலைமையிலும் சிரித்தாள். நாலு மாதமாகக் கையில் இருக்கும் வழக்கு. அந்தக் குழந்தையைப் பற்றி அவர் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அதுதான்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ரேடியோ படியேறி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தடித்த பதிவேடு ஒன்றை மார்போடு அணைத்தபடி, மூச்சு வாங்க ஒரு அம்மாள். பொது நூலகத்தின் நூலகர்.

விஷயம் இதுதான். குழந்தை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நூலகத்துக்குப் போகும். நூலகத்தை ஆறு மணிக்கு மூடிவிட வேண்டும், அதன்பின் வெளியார் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி. சித்தி வந்து சேர ஏழு ஆகும் என்பதால் நூலகர் அந்த ஒரு மணி நேரம் குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்வார். வெளியே தெரிந்தால் அவருக்குத்தான் சங்கடம். அதனால்தான் தையல்காரப் பெண் கோர்ட்டில் வாய் திறக்கவில்லை. முன்கூடத்தில் காத்திருந்த ஒரு நாள், மணி ஆகிக்கொண்டே போகிறதே என்று அவள் தவித்தபோது, ரேடியோ 'என்னம்மா, என்ன விஷயம்?' என்று கேட்டிருக்கிறாள். கேட்டது அவள் ஒருத்திதான்.

நூலகர் நீதிபதிக்கு முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். "திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி முடிக்க எனக்குத் தினமும் ஏழு ஆயிடும்மா. அதுவரைக்கும் என் மேசை பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். விதிப்படி தப்புதான். ஆனா குழந்தையை வெளிவாசல்ல நிக்க வைக்க எனக்கு மனசு கேக்கலை."

"விதியை விசாரிக்க நான் இங்க உக்காரலை. குழந்தை எப்படி இருக்குன்னுதான் கேக்கறேன்" என்றார் நீதிபதி. அந்தக் குழந்தைக்கென்று நூலகர் தனியாக எழுதிவந்த பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு அதைக் குழந்தையின் பெரியப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தார். ஒவ்வொரு நாளும் வந்த நேரம், போன நேரம், பக்கத்தில் குழந்தையின் கையெழுத்து. முதல் பக்கங்களில் கோட்டைத் தாண்டி வழியும் பெரிய பெரிய எழுத்துகள். போகப்போக எழுத்து சிறுத்து, கோட்டுக்குள் அடங்கி, கடைசிப் பக்கங்களில் அழகாகிவிட்டது. அவர் ரொம்ப நேரம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என் தம்பி கையெழுத்து மாதிரியே இருக்கு" என்றார். "கவனிக்க ஆளில்லன்னு யாரோ சொன்னதைக் கேட்டுட்டேன்மா. இப்படி ரெண்டு பேர் பாத்துக்கறாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேன். அப்பப்ப வந்து பாத்துட்டுப் போனா போதும் எனக்கு."

குழந்தை சித்தியிடமே இருக்கட்டும், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து பார்க்கட்டும் என்று நீதிமன்றம் முடித்துவைத்தது. தையல்காரப் பெண் ரேடியோவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். கமா சாரைப் பார்த்துக் கும்பிடப் போனவளை அவர் தடுத்தார். "எனக்கு வேணாம்மா. கேக்க வேண்டியதை நான் கேக்கவே இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரே பெரிய மேடத்தின் அறைக்குப் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே மேடம் சொன்னார். "அன்னைக்கு முன்மேசையில ரெண்டரை மணி நேரம் உக்காந்தேன். பதினோரு பேர் கூப்பிட்டாங்க. அதுல ஏழு பேர் என் குரலைக் கேட்டதும் 'அந்தப் பொண்ணு இல்லையா?'ன்னு கேட்டாங்க. முப்பது வருஷமா நடத்தற ஆபீஸ். என்னை ஒருத்தரும் கேக்கலை."

"கடிதத்தை நான் வாங்கிக்கறேன் மேடம்" என்றார் அவர்.

வாங்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார். நன்றி சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. மேசைக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன திங்கட்கிழமை உங்களை இங்கேருந்து மாத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன்."

"தெரியும் சார். மேடத்துக்கு வர்ற கவரையெல்லாம் பிரிச்சு, ஸ்கேன் பண்ணிக் குடுக்கறதே நான்தானே."

"தெரிஞ்சுமா புதன்கிழமை அப்படி ஓடினீங்க?"

"கேஸ் அவங்களோடது சார், உங்களோடது இல்லையே" என்றாள் அவள், கொஞ்சமும் குத்தல் இல்லாமல். பிறகு சிரித்துவிட்டாள். "கடிதத்தைப் பாத்த அன்னைக்கு ராத்திரியே வீட்டுல உங்களை நல்லாத் திட்டிட்டேன். கணக்கு சரியாப் போச்சு."

அவருக்கும் சிரிப்பு வந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்றார். சொன்ன பிறகும் அங்கேயே நின்றார். இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "இனிமே புதுக் கட்சிக்காரங்க வந்தா முதல் தடவை நீங்களும் என் அறையில உக்காரணும். எனக்குக் கேக்கத் தெரியலை."

"உக்காரலாம் சார். அந்நேரம் போன் அடிச்சா?"

"யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க எடுக்கட்டும். நானும்தான்."

இரண்டு வாரம் கழித்து உத்தரவின் நகலைத் தையல்காரப் பெண்ணுக்குத் தர வேண்டியிருந்தது. அஞ்சலில் அனுப்பியிருக்கலாம். கமா சார் ஒரு மாலை தானே எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். சித்தி இன்னும் வந்திருக்கவில்லை. நூலகரின் மேசை ஓரத்தில் ஒரு சிறுமி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நூலகர் அவரை அடையாளம் கண்டு நாற்காலி போட்டார்.

சிறுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

"உங்க சித்தியோட வக்கீல்மா."

"ஓ! போன் அக்கா ஆபீஸா?"

"ஆமா, அவங்க ஆபீஸ்தான்" என்றார் அவர். "நானும் அங்கதான் வேலை பாக்கறேன்."

அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, நோட்டை அவர் பக்கம் தள்ளி, இந்தக் கணக்கு சரியா பாருங்க என்றாள்.