முனை எந்தப் பக்கம்

பொன்மலர் தன்னை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஹேமலதாவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மனக்கஷ்டம். இன்னொன்று, தன் சமையலைத் தானே சாப்பிட வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு டப்பாக்களும் கைமாறிவிடும். ஹேமலதாவின் புளிக்குழம்பு பொன்மலருக்கு. பொன்மலரின் கருவாட்டுத் தொக்கு ஹேமலதாவுக்கு. கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். “உன் குழம்பு ஒரு மாதிரி இருக்குடி” என்று பொன்மலர் சொல்வாள். சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவாள். அந்த ‘ஒரு மாதிரி’ எந்த மாதிரி என்று ஹேமலதாவுக்கு இந்த ஒரு மாதமாகத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் இதைச் சாப்பிட்டவள் லேசுப்பட்ட சிநேகிதி இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

எல்லாம் ஓர் ஆரோவால் வந்தது.

ஆம்பூரை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியில் பொன்மலர் அப்பர் தைப்பவள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். ஹேமலதா செக்கிங் டேபிள். தைத்து வருகிற பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பு இருந்தால் அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை, அதாவது அம்புக்குறியை, ஒட்ட வேண்டும். ஆரோவின் முனை தப்பைக் காட்ட வேண்டும். ஆரோ ஒட்டிய பீஸ் ஓரடிகூட முன்னால் போகக் கூடாது. ரீவொர்க்குக்கு, அதாவது திருத்தித் தைக்க, வந்த வழியே திரும்பிவிடும். அந்த வட்டாரத்து ஷூ கம்பெனிகளுக்கெல்லாம் இது வேதம். கேன்டீனில் யாராவது விளையாட்டுக்கு வடையின் மேல் ஆரோ ஒட்டினால்கூட அந்த வடையை ஒருத்தரும் தொடமாட்டார்கள்.

போன மாதம் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து டேபிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது பொன்மலரின் பீஸ் வந்தது. விளிம்புத் தையல் ஓரிடத்தில் கோணலாக இருந்தது. ஹேமலதாவின் கை தானாகப் போய் ஆரோவை ஒட்டிவிட்டது. பையர் அதை வாங்கிப் பார்த்தார், தலையாட்டினார், பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமது அதைத் தையல் லைன் முகப்பில் இருந்த பலகையில் மாட்டி, ‘இப்படித் தைக்காதீர்கள்’ என்று எழுதிவைத்தார். ஒரு வாரம் அது அங்கேயே தொங்கியது.

பலகையில் மாட்டிய மறுநாளே காலை கம்பெனி வேனில் ஹேமலதா வழக்கம்போல ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். பொன்மலர் நின்றபடி சொன்னாள்.

“பரவால்ல மேடம். நீங்க உக்காருங்க.”

கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் ஹேமலதாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர்கள் ஊர்ப்பக்கம் பெண்களுக்கு இடையில் ‘டி’ போனால் எல்லாம் போன மாதிரி. மரியாதை கொடுத்துவிட்டால் அப்புறம் பேச இடமே கிடையாது.

போதாக்குறைக்கு, பொன்மலர் பேரணாம்பட்டு யூனிட்டுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள் என்று காதில் விழுந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரச் சொல்லியிருக்கிறார்களாம். பேரணாம்பட்டு அவள் வீட்டுக்குப் பக்கம்தான். போகாதே என்று சொல்வதற்கு ஹேமலதாவிடம் ஒரு நியாயமும் இல்லை, புளிக்குழம்பைத் தவிர.

நடுவில் இந்த ஓட்டம் வந்தது. மகளிர் தினத்துக்காக, ஆலங்காயம் போகிற வழியில் மலையடிவாரத்தில் தடை தாண்டும் ஓட்டம். பெண்கள் மட்டும், இரண்டு இரண்டு பேராக. சேர்ந்து கிளம்பி, சேர்ந்து முடிக்க வேண்டும். இருவரும் பேர் கொடுத்தது ‘டி’ இருந்த காலத்தில். பொன்மலர் ஜோடியை மாற்றித் தரச் சொல்லி பர்சனல் ஆபீஸர் தேவானந்தத்திடம் கேட்டுப் பார்த்தாள். அவர் டி-ஷர்ட்டில் பேர் அச்சடித்தாகிவிட்டது என்றார்.

“ஜோடியைப் பிரிக்க முடியாதும்மா. ஒத்தக் கால் ஷூவை எந்த பாக்ஸ்ல போடுறது?”

ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் ஆசுபத்திரி நர்ஸுகள், டீச்சர்கள், சுற்றுவட்டார ஷூ கம்பெனிப் பெண்கள் என்று நல்ல கூட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த நிகழ்ச்சிக்காரர் மைக்கில் ‘லேடீஸ், ஆர் யூ ரெடி’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கம்பெனிப் பெண்கள் யாரும் பதில் சொல்லவில்லை. ரெடியா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும் வழக்கம் கம்பெனியில் கிடையாது. அதனால் ஆமாம் என்று சொல்கிற பழக்கமும் வரவில்லை.

ஹேமலதாவுக்கு வந்த டி-ஷர்ட் முழங்கால் வரை தொங்கியது. நெஞ்சில் ‘தடைகளைத் தகர்ப்போம்’ என்று இருந்தது. அவள் காலில் மகளின் பழைய கான்வாஸ் ஷூ. ஊருக்கெல்லாம் ஷூ செக் பண்ணி அனுப்புகிறவளுக்குச் சொந்தமாக ஒரு ஷூ கிடையாது.

“இதுல ஒண்ணாச்சும் நான் தகர்ப்பனா, சொல்லு,” என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள்.

“எனக்கு இன்னா தெரியும் மேடம். செக் பண்றது நீங்கதானே,” என்றாள் பொன்மலர்.

விசில் அடித்தது. ஓடினார்கள். லாரி டயர்களுக்குள் கால் வைத்துத் தாண்டும் தடையில் ஹேமலதா ஒரு டயருக்குள் உட்கார்ந்துவிட்டு எழுந்தாள். அடுத்தது தரையோடு கட்டியிருந்த வலை. அடியில் தவழ்ந்து போக வேண்டும். ஹேமலதா முன்னால், பொன்மலர் பின்னால்.

“கொஞ்சம் காலை எடுக்குறீங்களா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“எங்கருந்து?”

“என் மூஞ்சி மேலருந்து.”

“அது என் காலா?”

“என் காலு என்கிட்டதாங்க இருக்குது.”

ஹேமலதா காலை எடுத்தாள். ஒரு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்ட பெரிய பேச்சு இதுதான் என்று நினைத்தபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

வலையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு கம்பம். அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர். அதன் முனை, பக்கத்திலிருந்த சேற்றுக் குழியைக் காட்டியது.

இருவரும் நின்றுவிட்டார்கள். பேசிவைத்து நிற்கவில்லை. கால்கள் நின்றன.

பின்னால் வந்த பேக்கிங் செக்‌ஷன் பக்ருன்னிசாவும் அவள் ஜோடியும் மூச்சு வாங்க நின்றார்கள்.

“இன்னா நின்னுட்டீங்க?”

ஹேமலதா கம்பத்தைக் காட்டினாள். பக்ருன்னிசா குழியை எட்டிப் பார்த்தாள்.

“உள்ள இன்னா டிஃபெக்ட்டு?”

“தெரில. ஒட்டியிருக்காங்க.”

“சும்மா ஒட்டுவாங்களா? பாம்பு கீம்பு இருக்கும்.”

அதற்குள் இன்னும் பல ஜோடிகள் வந்து சேர்ந்தன. எல்லாம் ஷூ கம்பெனி ஜோடிகள். வந்தவர்கள் எல்லாரும் ஆரோவைப் பார்த்தார்கள், நின்றார்கள். லைன் நின்றுபோனால் நிற்கிற மாதிரி அமைதியாக, இடுப்பில் கை வைத்து நின்றார்கள். இரண்டு இளம் நர்ஸுகள் ‘எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி’ என்று நடுவில் புகுந்து குழிக்குள் குதித்தார்கள்.

“பாவம், செக்கிங் தெரியாத புள்ளைங்க,” என்றாள் பக்ருன்னிசா. “நமக்கு எதுக்கு பேஜாரு. ரிட்டன் போய்டலாம்.”

ஆரோ ஒட்டியிருந்தால் திரும்பத்தான் வேண்டும். யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. பெண்கள் வரிசை கலையாமல் புறப்பட்ட இடத்துக்கே நடந்தார்கள். மைக்கில் நிகழ்ச்சிக்காரர் “லேடீஸ், ஏன் ரிவர்ஸ்ல வர்றீங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற தேவானந்தம், கம்பத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஆரோ ஒட்டியிருக்குதே சார்” என்று அவருக்கு விளக்கினார். அவரும் கம்பெனிக்காரர்தானே.

ஹேமலதாவும் திரும்பியிருப்பாள். ஆனால் குழிக்கு அந்தப் பக்கம் நர்ஸுகள் சிரித்துக்கொண்டே ஏறிப் போவதைப் பார்த்துவிட்டாள். அவர்களைப் பாம்பு கடித்த மாதிரி தெரியவில்லை. டீச்சர் ஜோடி ஒன்றும் குழியில் இறங்கியது. மெல்ல மெல்ல அவளுக்கு விளங்கியது. பொன்மலரைப் பார்த்தாள். பொன்மலருக்கும் விளங்கிவிட்டது, ஆனால் அதை ஹேமலதா வாயால் கேட்கக் காத்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

“அது வந்து,” என்றாள் ஹேமலதா, “வழி காட்டுறதுக்கு ஒட்டியிருக்காங்க போல.”

“ஓ. ஆரோ ஒட்டினா வாங்கன்னும் அர்த்தமா? ஒரு மாசமா எனக்கு வேற மாதிரி புரிஞ்சிருக்குது.”

ஹேமலதா குழிக்குள் இறங்கினாள். சேறு இடுப்பு வரை வந்தது. முன்னால் போன டீச்சர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். தோல் பதனிடும் ஷெட்டுகளின் கால்வாய் ஓரமாகப் பள்ளிக்கூடம் போய் வந்த இவர்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சேற்றில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசித் தடை ஒரு மரச்சுவர். ஆள் உயரத்துக்கும் ஜாஸ்தி. அதைத் தாண்டினால் முடிகிற கோடு. பொன்மலர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து முதுகைக் காட்டினாள். ஹேமலதா அதில் ஏறிச் சுவரைப் பிடித்து, ஒரு காலைப் போட்டு, எருமை மேல் உட்கார்ந்த மாதிரி உச்சியில் உட்கார்ந்தாள். பொன்மலர் பக்கத்துக் கயிற்றைப் பிடித்து ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டாள். ஹேமலதா கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

“எறங்க முடியல,” என்றாள்.

“அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“ரெண்டு பக்கமும்.”

பொன்மலர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். கோடு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் தனியாகப் போய்ப் பிரயோஜனம் இல்லை. அவள் சுவருக்குக் கீழே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“நல்லதாப் போச்சு. அங்கயே இருந்து ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பீஸ்ல தப்பு இருந்துச்சா, இல்லையா?”

ஹேமலதா யோசித்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேனில் பக்கத்து சீட்டு, கருவாட்டுத் தொக்கு, எல்லாம் திரும்பி வந்துவிடும். சுவர் உச்சியிலிருந்து பார்த்தால் காதுக்கெட்டும் தூரத்தில் ஒரு மனுஷி கிடையாது, பொய் சொன்னதைக் கேட்க. வாயைத் திறந்தாள்.

“இருந்துச்சு,” என்றாள்.

தீர்ந்தது, திங்கட்கிழமை பேரணாம்பட்டுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாதா?” என்றாள் பொன்மலர். “தைக்கும்போதே தெரியும். அன்னைக்குக் காய்ச்சலோட வந்திருந்தேன். நீங்க ஒட்டினதுக்கா கோவம்? அது உங்க வேலை. ஒரு வாரம் அது பலகையில தொங்குச்சு. மாட்டின அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சு, தெனம் ரெண்டு வேளை அதுக்குக் கீழயே நின்னு டீ குடிச்சீங்க பாருங்க, அதுக்குத்தான்.”

ஹேமலதாவுக்கு நிஜமாகவே இது தோன்றியதில்லை.

“டீ டிரம்மை அங்கதானே வெச்சிருக்காங்க.”

“கிளாஸை எடுத்துக்கிட்டு ரெண்டடி தள்ளி நின்னு குடிக்க முடியாதா? நான் மெஷின்லருந்து தலையைத் தூக்கினா பலகையும் நீங்களும் சேர்ந்துதான் தெரியும். பிஸ்கெட் வேற தொட்டுத் தொட்டு.”

பிஸ்கெட் விஷயம் நிஜம்தான். தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிட்டாள். சொந்தச் சமையலால் மதியம் வயிறு நிறையாததால் பிஸ்கெட் அவசியப்பட்டது. அதை இப்போது சொன்னால் எடுபடுமா என்று தெரியவில்லை.

“டீயையே விட்டிருக்கணும் நான்,” என்றாள். குரல் ஒரு மாதிரியாக வந்தது. உயரம் காரணமாக இருக்கலாம்.

பொன்மலர் அவளைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டினாள்.

“எறங்குடி.”

ஹேமலதா அசையவில்லை.

“இப்ப இன்னா சொன்ன?”

“எறங்குங்க மேடம்னு சொன்னேன்.”

“இல்ல. வேற மாதிரி கேட்டுச்சு.”

“காதுல சேறு போயிருக்கும். எறங்கித் தொலைடி, கை வலிக்குது.”

ஹேமலதா கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். இறங்கினாள் என்று அவள்தான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். பார்த்தவர்கள் விழுந்தாள் என்றார்கள். எப்படியோ, பொன்மலர் மேல்தான் விழுந்தாள். இருவரும் எழுந்து, ஒருத்தி ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கோட்டைத் தாண்டினார்கள். நர்ஸுகளும் டீச்சர்களும் எப்போதோ முடித்துப் பழரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஷூ கம்பெனிகளிலிருந்து வந்த ஜோடிகளில் முடித்தது இவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் புறப்பட்ட இடத்தில் வரிசையாக உட்கார்ந்து, ரீவொர்க்குக்கு யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்கள். தேவானந்தம் மைக்கை வாங்கி, நம் கம்பெனி முதலிடம் என்று அறிவித்தார். எதில் முதலிடம் என்று அவர் விளக்கவில்லை.

திரும்பும்போது வேனில் ஹேமலதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நகர்ந்து இடம் விட பயமாக இருந்ததால் நகராமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நகருடி. முழு சீட்டையும் நீயே வெச்சுக்குவியா?”

நகர்ந்தாள். பொன்மலர் உட்கார்ந்தாள். வேன் கிளம்பி மெயின் ரோடு ஏறியது.

“நாளைக்குக் கையெழுத்துப் போடணும்னு சொன்னாங்களே,” என்று ஹேமலதா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“பேரணாம்பட்டு கேன்டீன்ல சாப்பாடு நல்லா இருக்குதாம்.”

“அப்படியா.”

“நல்ல சாப்பாடு எனக்கு ஒத்துக்குமான்னு யோசனையா இருக்குது. உன் குழம்பைத் தின்னு பழகின வயிறு.” பொன்மலர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “போவலடி. குழம்பு கொண்டா.”

தட்டிய கை எடுக்கும்போது கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தியது. செக்கிங் டேபிளில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவளுக்கு அந்த அழுத்து எதற்கு என்று தெரியாதா? பின் சீட்டில் பக்ருன்னிசா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கம்பத்தின் சிவப்பு ஆரோவைப் பொன்மலர் எப்போது உரித்தெடுத்தாள் என்பதுதான் தெரியவில்லை.

ஹேமலதா கையைப் பின்னால் கொண்டுபோகவில்லை. ஸ்டிக்கர் கசங்கிவிடாமல் சீட்டில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“முனை எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“மேல. மண்டைப் பக்கம்.”

ஹேமலதா ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“சரியாத்தான் ஒட்டியிருக்க,” என்றாள்.