முன்மாதிரிப் பள்ளியின் பன்னிரண்டாவது திட்டம்

எங்கள் பள்ளிக்கு அறுபது வயது. தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கி, மூன்று முறை பெயர் மாறி, நான்கு முறை அடிக்கல் நாட்டப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு வரை வளர்ந்திருக்கிறது. அடிக்கல் நான்கு, கட்டடம் என்னவோ ஒன்றுதான். மிச்சக் கற்கள் எங்கே என்று கேட்காதீர்கள். ஒன்றின்மேல் கேன்டீன்காரர் வெங்காயம் நறுக்குகிறார்.

இந்த வரலாற்றைப் பள்ளியின் வெப்சைட்டுக்காக ஆங்கிலத்தில் எழுதிய புண்ணியவதி நான்தான். பெயர் ஷைனி. மேல் வகுப்புகளுக்குத் தமிழ் டீச்சர், அதுவும் காண்ட்ராக்ட். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர்கள் ஏழே பேர், பன்னிரண்டில் ஒருவருமில்லை. ஏழு பேரைக் காட்டி ஒரு பாடத்தை எத்தனை நாள் காப்பாற்ற முடியும் என்று நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரின்சிபால் அனந்தகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"ஷைனி, முன்மாதிரிப் பள்ளிப் பட்டத்துக்கு அப்ளை பண்றோம். வெப்சைட்ல நம்ம வரலாறும் திட்டங்களும் வேணும். திட்டம் பன்னெண்டாவது இருக்கணும்."

"நம்மகிட்ட எத்தனை சார் இருக்கு?"

"அதைத்தான் நீங்க எழுதப் போறேளே."

எழுதினேன். கூச்சநாச்சமில்லாமல் எழுதினேன். மாடியில் ஒழுகும் இடத்தில் வைத்த பக்கெட் மழைநீர் சேகரிப்புத் திட்டம் ஆனது. ரோபோ ஆய்வகம் என்று ஒன்று. அதன் பெட்டி வந்து இரண்டு வருடமாகிறது. பிரித்தால் வாரண்டி போய்விடும் என்று பியூன் பேச்சிராஜா அதன்மேல் உட்கார்ந்து மத்தியான டப்பாவைப் பிரித்துச் சாப்பிடுகிறார். லிஃப்ட் இல்லாத மூன்று மாடியை உடற்பயிற்சித் திட்டம் ஆக்கினேன்.

பன்னிரண்டாவதுக்கு வந்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. தமிழைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டினால் என் ஏழு பேர் மேல் எவனும் கை வைக்க மாட்டான் என்று நினைத்தேன். பள்ளியின் எண்ணூறு மாணவர்களும் சனிக்கிழமைதோறும் தமிழ் எழுதப் படிக்கக் கற்கிறார்கள் என்று போட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டம் அநேகமாக உறுதி, அதிகாரி நேரில் வருவார். எண்ணூறு பேருக்கும் தமிழ் கிடைப்பதால் தனியாகத் தமிழ்ப் பாடம் வரும் ஜூன் முதல் தேவையில்லை. அந்த ஏழு பேரும் பன்னிரண்டாம் வகுப்பில் இந்திக்கு மாறலாம். தமிழ்த் திட்டத்தின் கையெழுத்து மாதிரி ஒன்று அனுப்பவும்.

"சார், இது அநியாயம்லா? பாதியில புள்ளைக எங்க போகும்?"

"ஹிந்தி எடுத்துக்கட்டுமே. வாயைத் திறந்தா ஹிந்திதானே பேசறதுகள்."

பேசுகின்றன, யார் இல்லை என்றது? பேசுவது வேறு, பரீட்சை எழுதுவது வேறு. ஏழு பேரில் ஒருத்தி கலைச்செல்வி, நர்சிங் சேர வேண்டும் என்று கிடக்கிறாள். அவளுக்கு மார்க் அள்ளித் தருவதே தமிழ்தான். என் வேலை போனால் சீத்தா கேம்ப் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்வேன். அவளுடைய மார்க்கை யார் கொடுப்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஒரே மூச்சில் மேலிடத்துக்கு உண்மையை எழுதி, பிரின்சிபாலிடம் நீட்டினேன். அவர் மாட்டுங்காக்காரர். வீட்டில் தமிழ்தான், சபா கச்சேரிகளில் முன்வரிசை. கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழாகப் பார்த்து, தலையை ஆட்டினார்.

"பேஷ்! எழுத்து முத்து முத்தா இருக்கு. இதையே அனுப்பிடறேன்."

இத்தனை பெரிய மனசா இந்த மனுஷனுக்கு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்காம் நாள் காலையில் பள்ளி வாசலில் என் கடிதம் பெரிதாக்கப்பட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மேலே ஆங்கிலத்தில் 'எங்கள் தமிழ்த் திட்டம்' என்று தலைப்பு. அடப்பாவி, இவருக்குத் தமிழ் படிக்கவே வராதா! நேரே அவர் அறைக்குப் போய், அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார்.

"தமிழ்லதானே எழுதியிருக்கேள்? அப்போ பயமில்லை. அங்கே ஒருத்தருக்கும் வாசிக்க வராது."

அதிகாரி மேடம் வந்தார். பக்கெட்டைப் பாராட்டினார். ரோபோ பெட்டியைத் தட்டிப் பார்த்தார். வாசலில் சட்டத்தின் முன்னால் நின்று, யாராவது படித்துக் காட்டுங்கள் என்று இந்தியில் கேட்டார். பிரின்சிபால் பியூனைப் பார்த்தார், பியூன் கூரையைப் பார்த்தார். பூத்தட்டோடு நின்ற கலைச்செல்வி முன்னால் வந்தாள். தடுத்திருக்கலாம். குட்டு உடைந்தால் உடையட்டும் என்று நின்றேன்.

அவள் திக்காமல், திணறாமல், மணி அடித்த மாதிரி படித்தாள்.

"ஐயா, நான் எழுதியது பொய். இந்தப் பள்ளியில் தமிழுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. ஏழு பிள்ளைகள் மட்டும் தமிழ் படிக்கிறார்கள். தவறு என்னுடையது. என்னை வேலையை விட்டு நீக்குங்கள். அவர்கள் வகுப்பை மூடாதீர்கள்."

மேடம் கைதட்டினார், உடனே எல்லாரும் கைதட்டினார்கள்.

"பஹுத் சுந்தர்! மத்லப் க்யா ஹை?" என்று மேடம் அர்த்தம் கேட்டார்.

"பிரார்த்தனா ஹை, மேடம்," என்றார் பிரின்சிபால்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பள்ளியில் தமிழ்த் திட்டமே இல்லை, நான் எழுதியது பொய் என்றுதான் அதில் இருக்கிறது என்று இந்தியில் சத்தமாகவே சொன்னேன். மேடம் என் தோளைத் தட்டிச் சிரித்தார். திட்டம் இல்லாமலா இந்தப் பெண் இவ்வளவு அழகாகப் படித்தாள் என்று கேட்டார். டீச்சருக்குத் தன்னடக்கம் அதிகம் என்றார் பிரின்சிபால். மேடம் அங்கேயே, சுவரில் ஃபைலை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்குப் பட்டம் வந்தது, தமிழ் வகுப்பு போனது.

மேடத்தைக் காரில் ஏற்றிவிட எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். கலைச்செல்வி மட்டும் சட்டத்தின் முன்னாலேயே நின்றாள். கையில் பூத்தட்டு அப்படியே இருந்தது.

"டீச்சர், அந்த ஏழு பேரு நாங்கதான?"

"ஆமாட்டி."

அவள் இன்னொரு தடவை அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

"அப்பம் நான் திக்கித் திக்கி வாசிச்சிருக்கணுமோ டீச்சர்?"