வலம் பார்த்த படகு

அந்தக் கடற்கரை இந்த ஊரிலேயே இல்லை என்று ஆட்டோக்காரர் அடித்துச் சொன்னார்.

யோகேஸ்வரி விடவில்லை. மடியில் இருந்த தினசரி காலண்டரை மறுபடி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீலக் கடல். கரையில் கறுத்த பாறைகள். மணலில் ஒரு படகு. தூரத்தில், இடப்பக்கம், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மலை. படத்துக்குக் கீழே சாத்தூர் மிளகாய் மண்டி ஒன்றின் பெயர்.

“எங்க வீட்டுக்காரர் எடுத்த படம். இந்த விசாகப்பட்டினத்துலதான் எடுத்தாக.”

“மலை நம்ம மலைதான்மா.” சென்னையில் கட்டட வேலை பார்த்த தமிழ் அவருடையது. “ஆனா அது லெஃப்ட்ல தெரியணும்னா மலைக்கு அந்தாண்டை யாராடா பீச் போகணும். அங்க இந்தப் பாறை கெடையாது. நான் பொறந்த ஊரு, எனக்குத் தெரியாதா?”

“போய்ப் பாத்துருவோம்.”

பார்க்காமல் திரும்ப முடியாது. இன்று மாலை ரயில். அடுத்த வருடம் இந்த ஊருக்கு வரப்போவதில்லை.

சிவகாசியில் அவர்களுடையது காலண்டர் கம்பெனி. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு ஆர்டர் பிடிக்க வருவது அவள் கணவன் காளீஸ்வரன். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து போன் போடுவான்.

“யோகு, அலைச் சத்தம் கேக்குதா?”

“மிஷின் ஓடுற ஓட்டத்துல எங்கிட்டுக் கேக்க? வைங்க, லோடு ஏறுது.”

“உனக்கும் இங்கன இடம் போட்டு வச்சிருக்கேன். ஒரு தடவை வாயேன்.”

“சீசன் முடியட்டும்.”

சீசன் எந்த வருடம் முடிந்தது? போன பங்குனியில் காளீஸ்வரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. இந்த ஆடிக்கு ஆல்பத்தை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நேற்றோடு ஆர்டர் வேலை முடிந்தது. இனிமேல் இந்த லைனை ஏஜென்டிடம் விட்டுவிடுவதாகக் கொழுந்தன் தனுஷ்கோடி முடிவு செய்தாயிற்று. காளீஸ்வரன் உட்கார்ந்த இடத்தில் ஒரே ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

யாராடாவில் மலை இடப்பக்கம்தான் நின்றது. பாறை இல்லை. வெயிலில் மணல் பொரிந்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி கரையின் கோடி வரை நடந்து திரும்பினாள். வழியில் ஒரு குடும்பம் செல்போனை அவள் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தாள். உங்களை ஒன்று எடுக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து ருஷிகொண்டா பீச். அங்கே மலை முதுகுப் பக்கம் இருந்தது. பீமிலிக்குப் போகும் வழியில் போன் அடித்தது. தனுஷ்கோடி.

“மதினி, ஆர்டரெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல? பெறகு அங்கன என்ன செய்றீக?”

“கடல் பாக்கேன்.”

“ஒத்தையிலயா?”

“வேற யாரு இருக்கா?”

“சரி. வெயில்ல நிக்காதீக” என்று வைத்துவிட்டான்.

பீமிலியில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் மஞ்சள் பெயின்டில் தெலுங்கு எழுத்து. ஒரு படகுகூட மிச்சமில்லை.

யோகேஸ்வரி நின்றாள். காலண்டரைப் பார்த்தாள். அதிலிருந்த படகு மொழுமொழுவென்று இருந்தது. எழுத்தே இல்லை.

எழுத்தை யார் அழித்தது? எதற்கு அழித்தது?

பதில் அவளுக்குத் தெரியும். உடனே கம்பெனி டிசைன் ரூமுக்குப் போன் போட்டாள்.

“பிரீத்திகா, அந்த மிளகாய் மண்டிப் படம், நாம திருப்பிப் போட்டதா?”

“ஆமக்கா. நீங்கதான சொன்னீக? படகு இடப்பக்கம் பாத்து நிக்கு, கடைக்காரரு பாத்தா யாவாரம் பின்னால போற மாதிரி இருக்கும்பாரு, திருப்பிரு, எழுத்து கண்ணாடில பாக்க மாதிரி மாறித் தெரியும், அதையும் அழிச்சிருன்னு.”

அவளேதான் சொன்னாள். ஆளோ மாடோ படகோ, காலண்டரில் எதுவும் வலப்பக்கம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அது மாமனார் போட்ட சட்டம். தினமும் பத்துப் படத்தைத் திருப்புகிற கைக்கு எந்தப் படத்தைத் திருப்பினோம் என்று ஞாபகமா இருக்கும்?

“திருப்பாத படத்தை எனக்கு அனுப்பு.”

“அனுப்புதேன். சாப்பிட்டீகளாக்கா?”

“அனுப்பு மொதல்ல.”

படம் வந்தது. மலை வலப்பக்கம் போயிருந்தது. எட்டிப் பார்த்த ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இது ஆர்.கே. பீச். உங்க லாட்ஜுக்கு எதிர்த்தாப்புலதான. ஊரெல்லாம் சுத்துனமே.”

அவள் காதில் அது விழவில்லை. அச்சில் வெட்டிப்போட்ட மூலை ஒன்று அந்தப் படத்தில் மிச்சமிருந்தது. சிமென்ட் பெஞ்சின் ஒரு பாதி. அதன்மேல் நிமிர்த்தி வைத்த பழுப்பு நிற ஆல்பம் பை.

காளீஸ்வரன் சாத்தூர் பஸ்ஸில் அவளுக்கு முன்னால் ஏறி, பக்கத்து சீட்டில் அந்தப் பையை அப்படித்தான் நிமிர்த்தி வைப்பான். இடம் போட்டு வைப்பது என்றால் அதுதான்.

போனில் அவன் சொன்னதை விளையாட்டுப் பேச்சு என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆர்.கே. பீச்சுக்குத் திரும்பும்போது வெயில் சரிந்துவிட்டது. எள் போட்டால் எள் விழாத கூட்டம். மலையும் பாறையும் படத்தோடு ஒத்துப்போகிற பெஞ்சை ஒருவழியாகக் கண்டுபிடித்தாள். உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் எழும் வரை நின்றாள். அவர்கள் போனதும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் அதே ஆல்பம் பையை நிமிர்த்தி வைத்தாள்.

அலைச் சத்தம் நன்றாகக் கேட்டது.

இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். பையைக் காட்டித் தெலுங்கில் ஏதோ கேட்டாள்.

“ஆள் வருது” என்றாள் யோகேஸ்வரி.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது. பை புரிந்தது. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“அம்மா, டிரெய்ன்” என்று ரோட்டிலிருந்து ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார்.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மணலைத் தாண்டி ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையைப் பக்கத்தில் இறக்கிவிட்டிருந்தாள்.