பக்ருன்னிசாவின் வெள்ளைக் கார்

லிடியாவுக்கு இருபத்து நான்கு வயது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முதல் கார் வாங்கினால் அது ஸ்போர்ட்ஸ் காராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். அவள் சம்பளத்துக்குப் பழையதுதான் கட்டுபடியாகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா செபஸ்தியம்மாள் சாதாரணச் சின்னக் கார் ஒன்றைச் சொன்னாள். லிடியா கேட்கவில்லை.

பழனி ரோட்டில் பழைய கார் விற்கும் இடத்துக்கு அண்ணன் ஆண்டனிராஜைக் கூட்டிப் போனாள். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் விற்பவர் அவனைப் பார்த்தேதான் பேசினார், சாவியையும் அவனிடமே நீட்டினார். அவன் அதை வாங்கித் தங்கையிடம் கொடுத்தான்.

அவர் காட்டிய ஸ்போர்ட்ஸ் கார் சிவப்பு நிறம், தரையோடு ஒட்டிய உடம்பு. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். லிடியாவுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் ஓட்டிப் பார்க்கையில், வேகத்தில் பிரேக் மிதித்தபோதெல்லாம் வண்டி இடது பக்கம் இழுத்தது. திரும்பி வந்ததும் டிக்கியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். தகடு கசங்கி, வெல்டு வைத்த தழும்பு நீளமாக ஓடியது. லேசாகத்தான் இடித்தது என்றார் விற்பவர். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டாவது காரை இணையத்தில் பார்த்தாள். பேகம்பூரில் ஹோமியோபதி டாக்டர் பக்ருன்னிசா வைத்திருந்த வெள்ளைக் கார். வெளியே பார்க்கச் சாதாரணம், எஞ்சினும் தாழ்ந்த சீட்டும் மட்டும் ஸ்போர்ட்ஸ் காருடையவை. குடும்பத்துக்குப் பெரிய வண்டி வேண்டும் என்று கணவர் சொல்வதால் விற்பதாக அவர் சொன்னார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஓட்டிப் பார்க்க அவரும் உடன் வந்தார்.

கொடைரோடு போகும் நான்குவழிச் சாலையில் லிடியா ஓட்டினாள். மூன்றாவது கியரில் மிதித்ததும் வண்டி பாய்ந்தது. பின்சீட்டில் ஆண்டனிராஜ் மேலே இருந்த பிடியைப் பற்றிக்கொண்டான். எங்கும் இழுக்கவில்லை, ஒரு சத்தம் இல்லை. இதுதான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

திரும்பும்போது டாக்டர், "செத்த நேரம் நான் ஓட்டுறேம்மா" என்றார்.

லிடியாவை விட அவர் வேகமாக ஓட்டினார். வளைவுகளில் கியரைக் குறைத்து, ஏற்றிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தவர் உடனே இறங்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. இதை நான் குடுக்கல."

ஆண்டனிராஜுக்குக் கோபம் வந்தது. லீவு போட்டு வரச் சொல்லிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று கேட்டான். அவர் மன்னிப்புக் கேட்டார்.

"அப்ப வீட்ல என்ன சொல்வீங்க, டாக்டர்?" என்றாள் லிடியா.

"பெரிய வண்டி வேணும்னா அவரு வாங்கி அவரே ஓட்டட்டும்."

லிடியாவுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனால் தானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம் என்றும் தோன்றியது. உள்ளே அழைத்து டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அதே மாடல் ஒட்டன்சத்திரத்தில் கிடைத்தது. காய்கறி கமிஷன் மண்டி வைத்திருந்த உடையப்பனுடையது. வெளிநாடு போன மகன் ஓட்டிய வண்டி. சாம்பல் நிறம், உள்ளே வெங்காய வாடை. சில நாட்கள் அதில் மூட்டை ஏற்றியதை அவர் மறைக்கவில்லை.

"மூட்டை வச்சது நெசந்தானுங்க. ஆனா எங்கயும் இடிச்சதில்லீங்க. நல்லாப் பாத்துட்டு வாங்குங்க."

லிடியா மெக்கானிக்கை வைத்து அடிப்பக்கம் முழுவதும் பார்த்தாள். ஓட்டியும் பார்த்தாள். வாங்கிவிட்டாள். நிறம் எருமை மாதிரி இருக்கிறது என்றான் அண்ணன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செபஸ்தியம்மாளையும் அண்ணனையும் பூசைக்கு அதில் கூட்டிப் போனாள். சீட் மிகத் தாழ்வு. மாதா கோவில் வாசலில் அம்மா இறங்க முடியாமல் தடுமாறினாள். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, பூசை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.